விற்கக்கூடாத இறைச்சி

கனடாவில் பிறம்ரன் நகரில் இருந்த காலத்தில் ஆறு வருடம் நான் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் மாட்டிறைச்சி பொதி செய்தேன். அதனால் கடை மாட்டிறைச்சியைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தட்டின் அடியில் ஒரு வெள்ளைப் பஞ்சுத் துண்டு வைப்போம். கசிகிற நீரை அது குடித்துவிடும், வாங்குபவர் கண்ணில் படாது. அரைத்த இறைச்சி என்றால் ஒரு தட்டுக்குள் எத்தனை மாடு கிடக்கிறது என்று அரைத்தவனுக்கே தெரியாது. பழுதான சாமான் என்று சொல்லமாட்டேன், சுத்தம் எல்லாம் சுத்தம்தான். ஆனால் அந்தக் குளிரறைக்கு ஒரு மணம் உண்டு, இரும்பையும் ஈரத் துணியையும் ஒன்றாக வைத்த மாதிரி. கையுறையைத் தாண்டிக் கைக்குள் இறங்கி, வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது அது எழும்பும். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் கடையில் அந்தத் தட்டுகள் அடுக்கியிருக்கிற பக்கம் நான் தள்ளுவண்டிலைத் திருப்புவதில்லை.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறவர். "நாங்கள் மாடு தின்னாத ஆக்கள்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். ஒரு பிறந்தநாள் வீட்டில் அவருடைய மட்டன் ரோல்ஸைக் கடித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடத்து மூக்கு பொய் சொல்லாது. ஆடு விலை, மாடு மலிவு, அவ்வளவுதான் விஷயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொன்னார். நான் ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் குப்பைக்குள் போட்டேன்.

பிறகு அஜக்ஸ் நகரில் வீடு வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், மனைவி செத்துத் தனியாள். கார்த்திகை மாதம் வந்தால் பழைய வேலைக் கூட்டாளிகள் நாலைந்து பேருடன் வடக்கே காட்டுக்குள் இருக்கும் ஒரு மரக் குடிலுக்கு மான் வேட்டைக்குப் போவார். வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் அவருக்கு வாழ்க்கை. கோடையில் புல்லு வெட்டும்போதே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

நாங்கள் வந்த முதல் வருடம், வேட்டை முடிந்து வந்தவர் மண்ணிறக் கடதாசியில் சுற்றிய ஒரு பொதியோடு எங்கள் கதவைத் தட்டினார். மான் இறைச்சி, வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, நோ, பரவாயில்லை" என்றேன். எங்கள் ஆட்களிடம் அது மறுப்பில்லை, பேச்சின் தொடக்கம். இரண்டாம் தரம் வற்புறுத்துவார்கள். மூன்றாம் தரம் கையில் திணிப்பார்கள். உங்களுக்கேன் வீண் கரைச்சல் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வோம். அந்த மனிதரோ "ஓகே" என்று சொல்லிப் பொதியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கதவைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இரவு முழுக்க அந்தப் பொதிதான் மனதில் நின்றது. காலையில் அவர் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கரைக்குப் போய், நேற்று வேண்டாம் என்று சொன்னது வேண்டும் என்பதற்குத்தான் என்று விளக்கினேன். மனிதர் தும்புத்தடியில் சாய்ந்து நின்று சிரியோ சிரி என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பொதியை எடுத்துவந்து தந்தார்.

நான் காடும் வேட்டையும் உள்ள வன்னியில் பிறந்தவள். கணவரின் ஆட்கள் யாழ்ப்பாணத்து ஊரொன்றின் நடுவில் இருந்தவர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து 'வன்னிக்காடு' என்ற பட்டம் எனக்கு இருக்கிறது, பகிடி என்றுதான் சொல்லுவார்கள். அந்த முதல் பொதியை நான் அவிழ்த்தபோது கடதாசியின் அடியில் பஞ்சு இருக்கவில்லை. நீர் இல்லை. கொழுப்பே இல்லாத, பீற்றூட் நிறத்து இறைச்சி. மிளகும் வறுத்த தூளும் போட்டுப் பிரட்டினேன். சட்டி தண்ணீர் விடவில்லை, நுரை தள்ளவில்லை. கையைக் கழுவிய பிறகும் முகர்ந்து பார்த்தேன், அந்தக் குளிரறை இல்லை. கணவர் "எப்பன் இறுக்கம்" என்றார், ஆனால் சட்டியை வழித்தவரும் அவர்தான். வேலையை விட்டதற்குப் பிறகு நான் வயிறு நிறைய இறைச்சி தின்றது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கொண்டுவந்தார். எங்கள் வழக்கத்தையும் பிடித்துக்கொண்டார். வேண்டுமா என்று ஒரு விரலை நீட்டுவார், நான் நோ என்பேன். இரண்டாம் விரல், நோ. மூன்றாம் விரலோடு பொதி என் கையில் இருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. எந்த ஓடைக்கரையில் விழுந்தது, யார் சுட்டது, யார் உரித்தது என்று ஒன்றும் விடாமல் சொல்வார். தின்கிற மிருகத்தின் கதை தெரிந்து தின்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் இடியப்பமும் பிரட்டலும் கொடுத்துவிடுவேன். உறைப்பு என்றால் உறைப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வார். சொல்லிவிட்டுத் தின்பார்.

ஒரு விஷயம் மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். இந்த இறைச்சியைக் கொடுக்கலாம், விற்கக்கூடாது. சட்டமும் அதுதான், அவருடைய கூட்டாளிகளின் கட்டுப்பாடும் அதுதான். விற்கிறவனோடு ஒருவரும் காட்டுக்குப் போகமாட்டார்கள் என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஆட்களில் யாரிடம் இந்த இறைச்சியைப் பற்றிச் சொன்னாலும் முதல் கேள்வி, றாத்தல் என்ன விலை என்பதுதான்.

எங்கள் வீட்டில் மான் பிரட்டல் மணத்தைக் கண்டாலே மச்சாள் தொடங்கிவிடுவார்.

"என்ன, முருகன்ரை மாமியாரை அடுப்பிலை ஏத்தியாச்சோ? வள்ளியம்மையைப் பெத்த மானெல்லோ உது. வாயிலை வைக்க மனம் வருதோ உமக்கு?"

மாட்டை ஆடாக்கி விற்கிற வாயால் வள்ளியம்மையின் பெயர் வரும். நான் சட்டியை மூடுவேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவரே தன் கணவருக்காகத் தொலைபேசி எடுத்தார். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். "இவருக்கு நாரிப்பிடிப்பு, மச்சாள். நிமிரேலாமல் கிடக்கிறார். மான் இறைச்சி நல்லதாமெண்டு சொல்லுகினம். எப்பன் தாருமன்." மருந்துக்கென்று கேட்கிறபோது என்ன செய்வது? அந்த வருடம் கிழவர் தந்ததில் பெரும் பங்கை நீலப் பேசினில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விற்கிற சாமான் இல்லை இது, விற்றால் சட்டப்படி பிழை என்றும் சொன்னேன்.

"விக்கிறதுக்கு எனக்கென்ன விசரே?" என்றார் மச்சாள்.

நான் இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்த மாதமே ஒரு நாள், இடைவேளையில், கூட வேலை செய்கிற பிள்ளை தன் போனை நீட்டினாள். "அக்கா, காட்டு மான் ரோல்ஸ் போட்டிருக்கினம், ஓடர் பண்ணுவமோ?" படத்தில் என்னுடைய நீலப் பேசின். அதற்குள் மண்ணிறப் பொதிகள். அவற்றின் மேல் கிழவரின் கையெழுத்து, என்ன துண்டு, எந்த வருடம் என்று கறுப்பு மையில் கொட்டை கொட்டையாக. கீழே, அசல் காட்டு மான், முந்துங்கள் என்று தமிழில்.

அங்கே நின்றபடியே மச்சாளுக்கு எடுத்தேன். அவர் குரலில் ஒரு வெட்கமும் இல்லை.

"இறைச்சி தானே, மச்சாள். இவர் ரெண்டு துண்டு திண்டிட்டு இறுக்கமெண்டு வைச்சிட்டார். எறியச் சொல்லுறீரோ?"

யாரோ அந்த விளம்பரத்தைப் பற்றி முறைப்பாடு செய்துவிட்டார்கள். வேட்டைச் சட்டத்தைப் பார்க்கிற அதிகாரிகள் மச்சாள் வீட்டுக்குப் போனார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி வீட்டுக்குப் பக்கத்து வெள்ளைக்காரன் தந்தது என்று சொல்லி, வீட்டிலக்கமும் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லி என்னிடம் நன்றியும் எதிர்பார்த்தார்.

"உம்மடை பேரை நான் சொல்லேல்லை. எங்கடை ஆளைக் காட்டிக்குடுக்கேலுமே?"

காட்டிக்கொடுப்பது என்ற அந்தச் சொல்லை எப்படி வாய் கூசாமல் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதிகாரிகள் கிழவர் வீட்டுக்கும் வந்தார்கள். வீதியெல்லாம் பார்க்க வாகனத்தை நிறுத்தி, கராஜுக்குள் போய், அவருடைய பிரீசரைத் திறந்து ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர் விற்கவில்லை என்று நம்பினார்கள், எச்சரித்துவிட்டுப் போனார்கள். சட்டம் அவரை விட்டுவிட்டது. கூட்டாளிகள் விடவில்லை. அவர் கையெழுத்தோடு இறைச்சி விற்பனைக்குப் போன படம் அவர்களிடமும் போயிருந்தது. நான் ஓடிப்போய் வேலிக்கரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கென்று கேட்டது, நான் கொடுத்தது, மச்சாள் செய்தது, ஒன்றும் ஒளிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"நான் உனக்குத் தந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "இனிமேல் என்னைக் காட்டுக்கு வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்."

அதற்குப் பிறகு முற்றத்தில் கண்டால் தலையாட்டுவார். பேச்சு இல்லை.

வீட்டில் நான் கத்தினேன். மச்சாளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனிதரிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் உண்மையைச் சொல்லவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சரும், விடும். உதுக்காக அக்காவோடை பகைக்கேலுமே? அந்தாள் கடையிலை வாங்கித் தின்னட்டும். இறைச்சி தானே."

அக்காவும் தம்பியும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். இறைச்சி தானே. ஒரு மனிதனுக்கு வருடத்தில் இருந்தது ஒரு கிழமை, அதைப் பிடுங்கி ரோல்ஸுக்குள் வைத்துச் சுருட்டிப் பொரித்து விற்றுவிட்டு, இறைச்சி தானே. மச்சாள் தண்டம் கட்டியதோடு சரி, அவருடைய வியாபாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போதும் மட்டன் ரோல்ஸ் போகிறது. நான் அவர் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அதற்கும் சேர்த்து 'வன்னிக் குணம்' என்று சொல்கிறாராம்.

போன கார்த்திகையில் கிழவரின் பிக்கப் வண்டி அசையாமல் வீட்டு வாசலிலேயே நின்றது. வேட்டைக்குப் போகும்போது போடுகிற செம்மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் இலை கூட்டினார். கூட்டி முடித்த இடத்தையே திரும்பவும் கூட்டினார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னுடைய பிரீசரில் ஒரேயொரு பொதி மிஞ்சியிருந்தது. தோள் துண்டு. சமைக்க மனம் வராமல் வைத்திருந்தேன். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். உண்மையைச் சொல்லவேண்டும், நான் அதைக் கொடுப்பதற்காகக் கொண்டுபோகவில்லை. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் கொண்டுபோனேன். ஒரு தரம் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நினைத்தேன். விரலை நீட்டத் தேவையில்லை. வேண்டாம் என்று ஒரு சொல்.

"இது உங்களுடையது" என்று நீட்டினேன்.

பொதியைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், கனநேரம்.

"ஓகே" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவை மெல்லச் சாத்தினார்.

முதல் வருடம்போல அடுத்த நாள் காலையில் வேலிக்கரைக்குப் போய், நான் சொன்னதன் அர்த்தம் வேறு என்று விளக்கியிருக்கலாம். போகவில்லை. எங்கள் வழக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும்.