எதிர்வீட்டில் ஆற்றிய பால்

பிள்ளைக்கு என்ன பால் கொடுப்பது என்பதை, அவள் பிறப்பதற்கு முன்பே நானும் என் கணவரும் முடிவு செய்துவிட்டோம். முதலில் தாய்ப்பால், நான் வேலைக்குத் திரும்பியதும் மாவுப்பால். பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். பால் எடுத்து வைப்பதென்றால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்குள் ஓய்வு நேரமே முடிந்துவிடும். ஆகவே எங்கள் திட்டத்தில் எந்தக் குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. மகளிடம் யாரும் கேட்கவில்லை.

விடுப்பு முடியும் சமயத்தில் முதல் போத்தலை அவள் வாயில் வைத்தேன். காம்பை நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தேன், மறுபடி தள்ளினாள். அழக்கூட இல்லை. சாமான் விற்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர் முகம் மாதிரி இருந்தது.

கணவர் இதை ஓர் இயந்திரக் கோளாறாக எடுத்துக்கொண்டார். கைப்பேசியில் காணொளிகள் பார்த்து வேறு காம்பு வாங்கி வந்தார். பிறகு வேறு மாவு.

"இது தாய்ப்பால் மாதிரியே இருக்குமாம்," என்றார்.

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

குடித்துப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது. மகள் வேண்டாம் என்ற மாவையெல்லாம் காப்பியில் கலந்து குடித்தார். அந்த மாதம் வீட்டில் எடை ஏறியது அவருக்குத்தான்.

டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. எதிர்வீட்டு அக்கா தமிழ் முஸ்லிம். அவருடைய கணவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். கூடவே தினமும் ஒரு பிரசங்கம்.

"தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லமா. என் பிள்ளைங்க எல்லாம் ரெண்டு வயசு வரைக்கும் குடிச்சாங்க. டின் சுசு, இந்த மாவுப்பாலெல்லாம், எங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்ல."

"நான் வேலைக்குப் போகணுமேக்கா."

"போலாம்லா. யாரு வேணாம்னா?"

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மாவு டின்னையும் போத்தல்களையும் அவரிடம் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினேன். மகள் பட்டினிதான் கிடப்பாள் என்று நினைத்தேன். மதிய ஓய்வில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குடிச்சிட்டா," என்றார் அக்கா.

"போத்தல்லயா?"

"போத்தல் எதுக்கு? நீ வந்து பாரு."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அக்கா இரண்டு எவர்சில்வர் குவளைகளை எடுத்து, கலக்கிய மாவுப்பாலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையை உயர்த்தி ஊற்றினார், கடையில் தே தாரிக் தேநீரை நுரைக்க ஆற்றுவது போல. கணவரின் கடைக்கு வேலையாள் வராத நாட்களில் பழகிய கை அது. பாயில் கிடந்த மகள் வெள்ளைக் கோடாய் விழும் அந்தப் பாலையே பார்த்துக் கால்களை உதறினாள். பிறகு அக்கா அவளை மடியில் நிமிர்த்தி வைத்து, சின்னக் கிண்ணத்தின் விளிம்பை உதட்டில் சாய்த்தார். பூனைக்குட்டி மாதிரி நக்கிக் குடித்தாள்.

"வேடிக்கை காட்டுனாதான் குடிக்கிறா," என்றார் அக்கா, பெருமையாக. அன்று பிரசங்கம் இல்லை.

நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். வீட்டுக்குத் தூக்கி வந்து கதவைச் சாத்தியதும் அழுதேன். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. அங்கிக்குள் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. மகள் வயிறு நிறைந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவதான் குடிச்சிட்டாளே, அப்புறம் ஏன் அழற?" என்றார் கணவர்.

"குடிச்சிட்டா, அதான்."

அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மகள் என் கழுத்தை முகர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடினாள். கொடுத்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது: பகலில் அக்காவின் கிண்ணம், மற்ற நேரம் நான்.

அடுத்த தடுப்பூசிக்கு அக்காவும் கூட வந்தார். கிளினிக்கில் தாதி மகளை எடை போட்டுவிட்டு, "தாய்ப்பால்தானே குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஆமா, தாய்ப்பால்தான்," என்றார்.

"பாத்தாலே தெரியுது," என்றார் தாதி. "எடை நல்லா ஏறியிருக்கு."

அக்கா அடக்கமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"காலையில நீ குடுக்குறல்ல? அதத்தான் சொன்னேன்," என்றார்.