கீழ்வீட்டு வாசலில் மயில்

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது கீழ்வீட்டு நிகிதா கூப்பிட்டாள். இங்கே டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்.

"அங்கிள், ஜல்தி வாங்க! எங்க என்ட்ரன்ஸைப் பாருங்க."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. நீல வண்ணத்தின் மேல் ஒரு மயில்.

"பழைய சாமான் வாங்குற கபாடிவாலாகிட்ட கிடைச்சது. ஏதோ எழுதியிருந்துச்சு, மேலயே ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுட்டேன்."

பலகையின் வலது கீழ்முனையில் கரிந்த வடு தெரிந்தது. அது எங்கள் வீட்டு அகல் சுட்ட இடம்.

என் மனைவி இறப்பதற்கு முந்தைய வருடம் எங்கள் இருவர் பெயரையும் தமிழில் தன் கையால் எழுதி வாசலில் மாட்டிய பலகை. போன மாதம் வெள்ளையடித்தபோது என் மகன் அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டான்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான். அவனுக்குத் தமிழ் படிக்கச் சொல்லித்தராதவன் நான்தான்.

"எப்டி இருக்கு அங்கிள்?"

அவள் விரல்களில் இன்னும் நீலம் இருந்தது.

"அச்சா இருக்கும்மா" என்றேன். நாற்பது வருடம் பத்திரிகை நிருபராகக் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு ஒரு பலகையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

"உங்க வாசல் காலியா இருக்கே அங்கிள். பழைய பலகை இருந்தா குடுங்க, உங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தரேன்."

மேலே வந்தேன். எங்கள் கதவருகே இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருக்கின்றன.

அடியில் இருக்கும் எழுத்து கெடாமல் பெயிண்டை எடுக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மயிலும் கெடக்கூடாது.