பீப்பாய் மாமாவும் துணிக்கொடியும்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் படை முகாமில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரே திரும்ப மாட்டார். பீப்பாய் என்றால்தான் தெரியும். எனக்கு அவர் பீப்பாய் மாமா. கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மாமா முதலில் செங்கல் லாரி ஓட்டினார். சண்டை வந்து சூளையை மூடிய பிறகு, படைக்குச் சாமான் கொண்டுபோகும் கவச லாரிக்கு ஆள் எடுத்தார்கள். அவர் சேர்ந்தார். ஆறு மாதம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டார். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவையும் என் பக்கத்துக் கண்ணாடியையும் பார்த்துக்கொள்வேன். ஒன்பது வருஷமாக ஒரே வண்டி.

கவச லாரி என்றதும் பீரங்கி வைத்த வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர், மாவு மூட்டை, மருந்துப் பெட்டி, டீசல் இவற்றை மலைமேல் இருக்கிற முகாம்களுக்குச் சுமக்கிற லாரிதான். வழியில் யார் சுடுவான், எங்கே வெடி புதைத்திருப்பான் என்று தெரியாது. அதனால் இரும்புச் சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். கண்ணாடி நாலு விரல் தடிமன், இறக்கவே முடியாது. வெளியே இடி இடித்தாலும் உள்ளே பூனை நடந்த மாதிரிதான். கதவு ஒவ்வொன்றும் மூன்று மூட்டை கனம். அதை அறைந்து சாத்திச் சாத்தி மாமாவுக்குக் கை அப்படியே பழகிவிட்டது. வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மூன்று தடவை கீல் மாற்றியாயிற்று.

"இது தகரக் கதவுங்க! உங்க லாரி இல்ல!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவாள்.

"சாத்தினாத்தான சாத்தின மாதிரி இருக்கும்" என்பார் மாமா.

வண்டி கிளம்புமுன் நான் கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்வேன். மாமாவுக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஆனாலும் நான் கண்ணைத் திறக்கும்வரை சாவியைத் திருப்ப மாட்டார். "என்ன மச்சான், மேல சொல்லியாச்சா? நம்ம வண்டி நம்பர சரியாச் சொன்னியா? போன வாரம் சக்கரம் பஞ்சர்" என்பார்.

எங்களுக்கு விதி நிறைய உண்டு. அதில் முதல் விதியை எழுத்தில் அடித்து, ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு முகாமை விட்டு அடுத்த முகாம் சேரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றோடு வேலை போயிற்று. கேள்வியே கிடையாது.

அந்த நாள் மத்தியானம் எங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு காவல் வண்டி, பின்னால் துப்பாக்கி வைத்த ஒரு காவல் வண்டி. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஓர் ஊரின் நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தோம். தெரு ரொம்பக் குறுகல். மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஓட்டினார், ஏதோ அதனால் வண்டி ஒல்லியாகிவிடும் என்பது போல.

தெரு பாதி தாண்டியிருப்போம். என் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வருகிறாள். கையை ஓங்கி ஓங்கி எங்கள் வண்டியின் தகட்டில் அடிக்கிறாள். வாய் அசைகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் அதே சாலையில் ஒருவன் இப்படி ஓடி வந்து வேறொரு லாரியில் வெடியை ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

ரேடியோவில் பின்வண்டிக் காவலர் குரல் வந்தது. "ஒரு ஆள் லாரிய ஒட்டி ஓடுது. விலகலன்னா சுட வேண்டியிருக்கும்."

"மாமா!" என்றேன்.

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். "மச்சான், மேல பாரு. நம்ம கூரைலேருந்து என்னமோ பறக்குது."

எட்டிப் பார்த்தேன். துணிகள். ஒரு சின்னச் சட்டை, ஒரு பாவாடை, இரண்டு படுக்கை விரிப்பு. அந்தப் பெண் ஜன்னலிலிருந்து எதிர்க் கம்பம்வரை துணிக்கொடி கட்டியிருக்கிறாள். முன்வண்டியைவிட உயரமான எங்கள் கூரை அதை மாட்டி, கம்பத்திலிருந்து பிடுங்கி, தெரு நெடுகத் துவைத்த துணியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே இருக்கிற எங்களுக்கு அது தெரியவில்லை. பின்னால் இருந்த காவலருக்கோ ஓடுகிற பெண் மட்டும்தான் கண்ணில் பட்டாள்.

"துணிங்க! வெறும் துணி! சுட்டுடாதீங்க!" என்று ரேடியோவில் கத்தினேன். அது கர்ர் என்றது. மலை ஓரத்தில் அது எப்போதும் அப்படித்தான், வேண்டிய நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மாமா வண்டியை நிறுத்தினார். கூரையில், வண்டி கவிழ்ந்தால் தப்புவதற்காக ஒரு வட்ட மூடி உண்டு. இருக்கைமேல் ஏறி நின்று அதைத் தள்ளித் திறந்தார். தலை போயிற்று, தோள் போயிற்று. வயிறு மாட்டிக்கொண்டது.

"தள்ளு மச்சான்!"

"எங்கதான் தள்றது?"

"எங்கயாச்சும் தள்ளுடா!"

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாட்டில் மூடி கழன்ற மாதிரி மேலே போனார். எந்த வீட்டு மாடியிலிருந்து வேண்டுமானாலும் சுடலாம். அப்படிப்பட்ட இடத்தில், அத்தனை பெரிய மனிதர் கூரைமேல் நிமிர்ந்து நின்று, அந்தச் சின்னச் சட்டையை இரண்டு கையாலும் பின்வண்டிக்குத் தூக்கிக் காட்டினார். மூடி வழியாக அவர் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் இறங்கவில்லை. நான் வாய்விட்டு ஆண்டவனைக் கூப்பிட்டேன்.

யாரும் சுடவில்லை.

மூடி திறந்திருந்ததால் இப்போது அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "கண்ணு பொடதிலயா இருக்கு? நாளைக்குப் புள்ள பள்ளிக்கூடத்துக்கு எதப் போட்டுக்கிட்டுப் போவான்?"

"தெரியாம நடந்துபோச்சும்மா. இந்தா பிடி."

"புழுதியப் பாரு! மறுபடி யாரு துவைப்பா? நீ துவைப்பியா?"

"எறங்க விடமாட்டாங்கம்மா. இல்லன்னா துவைச்சே குடுத்திருப்பேன்."

"கிளிப்பு ரெண்டு கொறையுது!"

கிளிப்பையும் தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மாமா இறங்கினார். அவள் சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பினாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மாமா சொல்லவும் இல்லை. "பாவம், ஏற்கெனவே துணி போச்சுன்னு கவலைல இருக்கு" என்றார்.

முகாம் சேர்ந்ததும் பின்வண்டிக் காவலர் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் வழியில் வண்டியைவிட்டு வெளியே வந்தார் என்று. மறுநாள் காலை விசாரணை. செங்கல் சூளை இப்போது இல்லை. மாமாவின் வயசுக்கு வேறு யார் வண்டி கொடுப்பார்கள்? அன்று ராத்திரி வீடு திரும்பியதும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவரு வெளிய வரலன்னு சொல்லிடேன். உன் பேச்ச நம்புவாங்க. சாமி கும்புடறவன் நீ."

"சாமி கும்புடறவன்கறதாலதான்க்கா சொல்ல முடியல."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடப் பிறந்தவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவன விடு. நடந்தத நடந்த மாதிரியே சொல்லட்டும். கூட ஒண்ணும் வேணாம், கொறைவா ஒண்ணும் வேணாம்."

விசாரணை அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அதிகாரி, அவருடைய எழுத்தர். ஒரு ஓரமாகப் பின்வண்டிக் காவலர். மாமாவை உட்காரச் சொல்லவில்லை. என்னைத்தான் முதலில் கேட்டார்கள்.

"வழியில கதவத் திறந்தாரா?"

"இல்லைங்கய்யா."

அதிகாரி பேனாவை வைத்தார். "உன் அக்கா புருஷன்தான? மாமாவக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

"சத்தியமா இல்லைங்கய்யா. வெளிய வந்தாரு. ஆனா கதவத் திறக்கல. மேல் மூடி வழியா வந்தாரு."

அதிகாரி மாமாவைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் மேசைமேல் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். "அந்த ஓட்டை வழியா? நீங்களா?"

"நான்தாங்க தள்ளினேன்" என்றேன்.

காவலர் தொண்டையைக் கனைத்தார். "ஆமாங்கய்யா. மேலதான் நின்னாரு. சட்டையக் காட்டலன்னா நான் அந்தப் பொம்பளயச் சுட்டிருப்பேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி மாமாவிடம் திரும்பினார்.

"பக்கத்துலயே கதவு இருக்கும்போது, இந்த உடம்ப வச்சுக்கிட்டு எதுக்கய்யா மூடி வழியா ஏறினீங்க? விதிக்குப் பயந்தா?"

"விதி ஞாபகமே வரலைங்க" என்றார் மாமா. "கதவத் திறந்தா உள்ள உக்காந்திருக்கறவன் வெளிய தெரிவான். எவனாவது சுட்டா அவன்மேல படும். அவன் என் வீட்டுக்காரி தம்பிங்க. நாளைக்கு அவகிட்ட யாருங்க பதில் சொல்றது?"

அதுவரை எனக்கே அது தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி விதித்தாளை எடுத்து வாய்க்குள்ளேயே படித்தார். இன்னொரு தடவை படித்தார். "கதவுன்னுதான் போட்டிருக்கு" என்று எழுத்தரிடம் சொன்னார். "கூட எழுதிக்குங்க. கதவு, மேல் மூடி, மத்த எந்த வழியும்னு."

"இன்னைத் தேதி போடட்டுங்களா?"

"இன்னைத் தேதிதான். நேத்து நடந்ததுக்கு அது ஒட்டாது." பிறகு மாமாவிடம், "போய் லோடு ஏத்துங்க. இனிமே ஒரு தடவை மேல ஏறினீங்க, நானே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொன்ன பதிலையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு கூடத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"என்கிட்ட பதில் சொல்லணுமாம்! கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷத்துல, நான் கேட்டதுக்கு ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்காரா இந்த மனுஷன்?"

பதிலுக்குக் குளியலறைக் கதவை அறைந்து சாத்துகிற சத்தம்தான் வந்தது.