சோழகக் காற்றில் ஒரு தாச்சி ஹாஷ்

போன கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலில் என்னுடைய உபயத் திருவிழா. தலையில் பரிவட்டம் கட்டும்போது நான் சிரித்துவிட்டேன். சும்மா புன்முறுவல் இல்லை... மேளகாரர் வாசிப்பதை விட்டுத் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"விசர் பிடிச்சிட்டுதோ உங்களுக்கு?" என்று மனைவி பரமேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

பரிவட்டம் கட்டிய கோயில் மனேச்சர் சிற்றம்பலத்தார் என் காதில் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குத்தான் சிரித்தேன். என்ன வார்த்தை? பொறுங்கள். அதற்கு முதல் பீஃப் ஹாஷ் சமைக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் கிளிநொச்சிச் சந்தையில் எங்கள் பழைய எஞ்சினியர் துரையைக் கண்டேன். ஐரோப்பியர் வழிவந்த பறங்கி மனிதர். உருத்திரபுரத்தில் நாங்கள் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் வாய்க்காலுக்குப் பொறுப்பாக இருந்தவர். என் வயலோ வாய்க்காலின் கடைசியில். மேலே இருக்கிறவர்கள் மறித்தது போக எனக்கு வருகிற தண்ணீர் தவளை குளிக்கவும் காணாது. அந்த முதல் போகத்தில் இந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்து, சண்டை பிடித்து, என் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிக்கிறதென்றால் அவரால்தான்.

"நான் அவுஸ்திரேலியா போறன், மகளிட்டை. இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டிலை சாப்பிட வாங்கோ துரை. என்ன விருப்பம், சொல்லுங்கோ."

சிரித்தார். "என்ரை மிஸிஸ் ஞாயிற்றுக்கிழமையிலை பீஃப் ஹாஷ் செய்வா. அவா செத்த பிறகு நான் அதைக் கண்ணிலை காணேல்லை... அது கிடக்கட்டும், நீ சோறும் பருப்பும் தா."

பருப்பாம்! என் வயலுக்குத் தண்ணீர் தந்த மனிதரின் கடைசி விருந்துக்குப் பருப்பா? என் வாய் சும்மா இருக்குமா? "நாங்கள் செய்யிறம் துரை!" என்று சொல்லிவிட்டேன். செய்முறையையும் அவரிடமே கேட்டேன். அவித்த மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து, உப்பும் மிளகும் போட்டு, தாச்சியில் முறுகப் பொரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நாங்கள் சைவக்காரர். வெள்ளிக்கிழமை தவிர ஆடு, கோழி, மீன் எல்லாம் உள்ளே போகும். மாடு மட்டும்... மூச்!

பரமேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இஞ்சருங்கோ, கொட்டிலிலை லட்சுமி நிக்கிறாள். அவளின்ரை பாலிலை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, அவளுக்கு முன்னாலை உந்த வேலை செய்யப் போறியளோ? ஆவணியிலை எங்கடை திருவிழா. சிற்றம்பலத்தார் அறிஞ்சால் உபயத்தைப் பறிச்சுப்போடுவார்!"

பறிக்கக்கூடிய ஆள்தான். கள்ளுக் குடித்தார் என்று ஒருவரைக் காவடி எடுக்க விடாதவர். இந்த உபயம் கிடைப்பதற்குப் பரமேஸ்வரி எத்தனை வருஷம் கோயில் கூட்டியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் துரை, அந்தப் பக்கம் பிள்ளையார். நான் எங்கே போவேன்?

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். குசினியில் கூடாது. முற்றத்தில் கூடாது. லட்சுமியின் கண்ணில் படக் கூடாது. முக்கியமாக, கோயிலுக்குக் கிட்டவும் கூடாது. கோயில் இருப்பது வடகிழக்கு மூலை. ஆகவே காணியின் தென்மேற்கு மூலையில், வாய்க்கால் கரையில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முல்லைத்தீவு முஸ்லிம் நானா, இறைச்சியைத் தன் வீட்டிலேயே அவித்துத் தேக்கிலையில் பொதிந்து தந்தார். ஒரு இரும்புத் தாச்சியும் இரவல் தந்தார். செய்முறையைக் கேட்டுத்தான் முகத்தைச் சுளித்தார். "மிளகாய்த்தூளும் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை... காய்ச்சல்காரனுக்கோ சமைக்கிறியள்?"

ஞாயிற்றுக்கிழமை கிண்டத் தொடங்கினேன். தீட்டுப்படாமல் வாய்க்காலுக்கு அக்கரையில், சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பரமேஸ்வரி நின்றாள். மாட்டிறைச்சி பாவம்தான், ஆனால் பிழையான சமையலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியுமா?

"வெங்காயத்தை இன்னும் சின்னனா வெட்டுங்கோ! நெருப்பைக் குறையுங்கோ! ஐயோ, அகப்பை பிடிக்கிற வடிவைப் பார்!"

இறைச்சி எண்ணெயில் விழுந்து மணம் எழுந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆடி மாதம். சோழகக் காற்று. தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு... நேரே கோயிலுக்கு! தெற்கு வடக்கெல்லாம் பார்த்த நான் காற்றைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வரம்பால் ஒரு உருவம் வந்தது. நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, கையில் பிரம்பு. சிற்றம்பலத்தார்! அக்கரையில் பரமேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

வந்தவர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். தாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பயத்தில் கிண்டினேன். இன்னும் வேகமாகக் கிண்டினேன்.

"டேய், கிண்டாதை!" என்று கத்தினார். "களியாக்கப் போறியோ? அமத்திப்போட்டு விடு. அடி முறுகோணும். அதுதானே அதின்ரை ருசி!"

நான் அகப்பையோடு நின்றேன். அவரும் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர்போல நின்றார்.

"ஐயாவுக்கு இது... எப்பிடி?"

தொண்டையைச் செருமினார். "கொழும்பிலை கிளாக்கா இருக்கேக்கை ஒரு பறங்கி மனுசியின்ரை போடிங்கிலை இருந்தனான். ஞாயிற்றுக்கிழமையிலை மேசைக்கு வரும். நான் பாத்தது மட்டும்தான்."

"ருசியையும் பாத்தனீங்களோ?"

அந்த மனிதரின் முகம் சிவந்து, பிறகு மலர்ந்து, பிறகு கொழும்புக் கதை வந்தது. போடிங், ட்ராம் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மேசை... நானும் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"கருகுது! கருகுது!" அக்கரையிலிருந்து அலறல். தாச்சியை இறக்கினேன். அடி முழுதும் கரி. அதே நேரம் வீதியில் துரையின் ஜீப் ஹோர்ன். சிற்றம்பலத்தார் வந்த வரம்பால் மாயமானார்.

எனக்கு அழுகை வந்தது. உப்புப் பார்க்கவும் முடியாத சமையல்; அதையும் கருக்கியாயிற்று. துரையிடம் மன்னிப்புக் கேட்டபடி சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன். அவர் ஒரு வாய் வைத்தார். கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவாவும் ஒவ்வொரு ஞாயிறும் அடியைக் கருக்கித்தான் போடுவா" என்றார். "நான் ஒவ்வொரு ஞாயிறும் ஏசுவன்."

பிறகு தாச்சியை மடியில் வைத்து, கரியையெல்லாம் சுரண்டிச் சாப்பிட்டார். மூக்கை மூடியிருந்த பரமேஸ்வரியின் சேலைத் தலைப்பு அப்போது கண்ணுக்குப் போயிருந்தது.

துரை கப்பல் ஏறிவிட்டார். உபயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போன கிழமை சிற்றம்பலத்தாரே தன் கையால் பரிவட்டம் கட்டினார். கட்டி, முடிச்சை இறுக்கிக்கொண்டே, காதுக்குள் சொன்னார்:

"தம்பி, இனிச் சோழகம் முடிஞ்சு வாடை துவங்கப் போகுது. நீ சமைச்சால் மணம் என்ரை பக்கம் வராது... ஆளனுப்பு."