கடைசிப் பயணிக்கு இரண்டு டிக்கெட்

வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் இப்போதெல்லாம் வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறார்கள். "மேடம், நீங்க கோபோல்ல எத்தன வருஷம்?" என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். சொன்னதும் மறுமுனையில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் நகை எவ்வளவு போடுவார்கள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் கேட்குமே, அதே சத்தம்.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளில் கோபோல் ஒரு கிழவி. வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி பெரிய இடங்களில் எப்போதோ அதில் எழுதி வைத்தவை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அதனால்தான் கடத்தூரில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்கு இத்தனை மவுசு. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் காலாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிற இந்த மாடி, அந்த இலுப்பைப்பூவில் கட்டியதுதான்.

ஆனால் அந்தப் போன்கள் வரும்போது எனக்கு வேலை நினைவுக்கு வராது. பஸ்தான் வரும். கடத்தூரிலிருந்து தருமபுரிக்குப் போகும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், நானும் அவளும்.

அவளும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து படித்தவர்கள். அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், கடத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே வண்டிகளுக்கு சீட் தைக்கிற கடை. கல்லூரி முடித்திருந்த சமயம், இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் குழம்பப்போகிறது, கோபோல் தெரிந்தவர்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தருமபுரியில் பொரிகடலைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சென்டர் திறந்தார்கள். எங்களைச் சேர்க்க என் அப்பாவும் அவள் அத்தாவும் ஒன்றாக வந்தார்கள். என் அப்பா சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் அத்தா நாற்காலிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சென்டர் நடத்தியவரிடம், "சீட்டு பூரா கிழிஞ்சி கெடக்குதுங்களே, நான் வேணா தச்சித் தரட்டுங்களா?" என்று கேட்டார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுவாரம் அந்த நாற்காலிகளில்தான் நாங்கள் உட்கார்ந்தோம், நன்றாகவே இருந்தது.

சென்டரில் மெஷின் இரண்டே இரண்டு. ஆட்களோ கூட்டம். ஆளுக்கு வாரத்தில் ஒரு முறைதான் மெஷின் கிடைக்கும், அதுவும் கரன்ட் இருந்தால். அவள் முறை வந்தபோதெல்லாம் கரன்ட் இருந்ததில்லை. அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. புரோகிராமைத் தாளில் எழுதி, வாயாலேயே ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் மெஷின். ஒருவர் எழுதியதை வரிவரியாகப் படிக்க வேண்டும். மற்றவர் மெஷின். அந்த வரி முடிந்ததும் எதில் என்ன எண் இருக்கிறது என்று மெஷின் சொல்ல வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நாங்கள் அதை பஸ்ஸில் செய்தோம். படிக்கிறவளுக்குக் கண்டக்டர் என்று பெயர். பெரும்பாலும் நான்தான் கண்டக்டர், அவள்தான் மெஷின். அவள் கண்ணை மூடிக்கொண்டால்தான் மெஷின் ஓடும். புரோகிராம் கடைசி வரிக்கு வந்து ஒழுங்காக நின்றுவிட்டால் கண்டக்டர் விசில் அடிக்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு விசில், போவதற்கு இரண்டு, அது எல்லா பஸ்ஸிலும் உள்ளதுதானே. பெண் பிள்ளைகள் பஸ்ஸில் விசில் அடித்தால் ஊர் சிரித்துவிடும் என்று, நான் பேனாவால் முன் சீட்டுக் கம்பியில் ஒரு தட்டு தட்டுவேன்.

முதலில் எழுதியதே பஸ் புரோகிராம்தான். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் டிக்கெட் போட்டு, கடைசியில் மொத்த வசூலைச் சொல்ல வேண்டும். நான் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி ஆளுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அவள் கண்ணைத் திறக்காமல், "நில்லு. கடேசி ஆளுக்கு ரெண்டு டிக்கெட் போவுது" என்றாள்.

ஏறுவதற்கு ஆள் இல்லை என்பதைப் பார்க்காமல் புரோகிராம் இன்னொரு டிக்கெட்டைக் கிழிக்கிறது. புது ஆள் யாரும் வராததால் கையில் இருக்கிற பழைய ஆளுக்கே அதைக் கொடுக்கிறது. ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார், அப்புறம் கிழி என்று வரிகளை மாற்றி எழுத வேண்டும். நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது உண்மையான கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாருக்கும்மா ரெண்டு டிக்கெட்?"

"கடேசி ஆளுக்குங்க" என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

அந்த மனுஷன் பின்னால் திரும்பி, கடைசி சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த பெரியவரைப் பார்த்து, "ஏனுங்க, ஒங்களுக்கு ரெண்டு டிக்கெட்டா போட்டேன்?" என்று கேட்டதும் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் என் வாழ்க்கையில் வரவில்லை. பெங்களூரில் பெரிய பெரிய ஆபீசில் இருந்திருக்கிறேன். அங்கேயும் சிரித்திருக்கிறேன், மேனேஜர் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்பதற்காக.

படிப்பு முடிகிற நேரத்தில் ஆளுக்கொரு பெரிய புரோகிராம் எழுதி மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு பெங்களூரில் ஓர் இன்டர்வியூ வந்திருந்தது. அந்த வாரம் மெஷின் அவள் முறை. "நீ மொதல்ல ஓட்டிட்டுப் போ. எனக்கு அடுத்த வாரம்" என்று விட்டுக்கொடுத்தாள். என்னுடையது ஓடியது.

அடுத்த வாரம் போனால் சென்டருக்குப் பூட்டு. இரண்டாயிரம் பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு கம்ப்யூட்டரும் குழம்பவில்லை, ஒருவரும் யாரையும் அள்ளவில்லை. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது மேளத்தோடு வந்து நின்றவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். கீழே பொரிகடலைக் கடைக்காரர், "காலி பண்ணிக்கிட்டுப் போயிட்டாருங்க. நாற்காலிங்களகூட ஏத்திட்டாரு" என்றார்.

அவள் தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். கடத்தூர் வரும்வரை நான் படிக்க, அவள் கண்ணை மூடி ஓட்டினாள். ஒரு தப்பு இல்லை. கடைசி வரி வந்ததும் நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதடி. மிஷின்ல ஓடாம நின்னுச்சின்னு எப்படிச் சொல்றது?"

அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்த பெங்களூர் கம்பெனி பழைய இன்சூரன்ஸ் புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. யாரும் விரும்பாத வேலை என்பதால் எனக்குக் கிடைத்தது. "இந்த வருஷம் இத மூடிருவாங்க" என்று வருடாவருடம் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள்தான் ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் ஊரிலேயே இருந்தாள். அத்தாவுக்குக் கண் பார்வை மங்க, கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணமாகி, வீட்டுக்காரரும் அதே கடைக்கு வந்துவிட்டார். பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் நான் கடத்தூருக்குத் திரும்பினேன். சாயங்காலம் அவள் கடையில் டீ குடிப்பது வழக்கமாயிற்று.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுவின் தலைவர், என் மகனைவிடக் கொஞ்சம் மூத்த பையன், "மேடம், இந்த லாங்குவேஜ் தெரிஞ்சவங்க உங்களுக்குத் தெரிஞ்சு வேற யாராவது இருக்காங்களா? எங்க தேடியும் கெடைக்கல" என்று கேட்டான். நான் அன்றைக்கு டீக்குப் போனபோது அவளிடம் சொன்னேன்.

"டிராக்டர் சீட்டு தைக்கறவளக் கூட்டிக்கிட்டுப் போயி எங்கடி உக்கார வெப்ப?" என்றாள்.

"வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "நான் எழுதுனது ஓடி இன்னிக்கி வரைக்கும் பாத்ததில்ல. சாவறதுக்குள்ள ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

என் மகளின் லேப்டாப்பில் அந்தப் பழைய பஸ் புரோகிராமை இன்றைக்கே ஓட்டிக் காட்டுகிறேன், வா என்றேன். வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "சும்மா ஓட்டிப் பாத்து என்னாவப் போவுது? ரெண்டு பேருக்கு வேணுங்கறது ஓடணும். சவாரி இல்லாத பஸ்ஸு எதுக்கு?" என்றாள். வேலை கிடைக்காவிட்டால் இவள் எதையும் ஓட்டிப் பார்க்கப்போவதில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ராத்திரியே அவளைச் சிபாரிசு செய்து பையனுக்கு எழுதினேன்.

இன்டர்வியூ என் வீட்டு மாடியில், வீடியோவில் நடந்தது. சிபாரிசு செய்தவர்கள் உடன் இருக்கக் கூடாது என்பதால் நான் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். பேச்சு மட்டும் கேட்டது.

"மேடம், கடைசியா எப்போ புரோகிராம் பண்ணீங்க?" என்றான் பையன்.

"எழுதுனது தருமபுரி சென்டர்ல படிச்சப்பதாங்க. ஓட்டுனது, இன்னிக்கிக் காலைலகூட ஓட்டுனேங்க."

"எதுல ஓட்டுனீங்க?"

"மனசுலதாங்க. சீட்டு தைக்கறப்ப கை பாட்டுக்குத் தைக்கும். நான் ஒரு பஸ்ஸு புரோகிராம் வெச்சிருக்கேன், அத ஓட்டிக்கிட்டு இருப்பேன். எங்க அத்தா மௌத்தான அன்னிக்கிகூட அதுதாங்க ஓடுச்சி."

அத்தா இறந்த நாளில்கூட என்றதும் நான் படிக்கட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், அவள் இதைச் சொன்னதே இல்லை. சம்பளம் வாங்கிய நான் ஆபீஸ் முடிந்தால் அந்த மொழியை நினைத்ததுகூட இல்லை.

பையன் திரையில் ஒரு புரோகிராமைப் போட்டு, தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிற ஓசை மட்டும் வந்தது. "டைம் எடுத்துக்கோங்க மேடம்" என்றான். இரண்டு முறை சொன்னான். தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கண்டக்டரா இருப்பீங்களா?"

"புரியல மேடம்."

"வரிவரியா நீங்க படிங்க. நான் கேக்கறேன்."

பையன் தயங்கித் தயங்கிப் படிக்க ஆரம்பித்தான். பாலிசிதாரர்களுக்குப் பிரீமியம் நோட்டீஸ் அனுப்பும் புரோகிராம். ஒவ்வொரு வரிக்கும் அவள் எதில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். கண்ணை மூடியிருப்பாள் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"நில்லுங்க சார். கடேசி ஆளுக்கு ரெண்டு டிக்கெட் போவுது."

"எந்த டிக்கெட் மேடம்?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "வெளிய யாரு?" என்று பையன் கேட்டான். "பஸ்ஸுல வந்தவங்க சார்" என்றாள் அவள்.

பதில் வர நாளாயிற்று. இடையில் இத்தனை வருடம் வேலையில்லாமல் இருந்தவர் என்று அங்கே யாரோ இழுத்தடித்தார்களாம். கடைசியில் பையன் என்னைக் கூப்பிட்டு, "எடுத்துக்கறோம் மேடம். உண்மையச் சொன்னா எங்களுக்கு வேற ஆளும் இல்ல" என்றான். கோபமாக வந்தது எனக்கு. அவளிடம் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆளு இல்லாத பஸ்ஸுலதான்டி சீட்டு கெடைக்கும்" என்றாள்.

இப்போது என் மாடியில் இரண்டு மேஜை. அவள் நாற்காலிக்கு அவளே உறை தைத்துக்கொண்டாள். காலையில் இங்கே, சாயங்காலம் கடை.

போன வாரம் அவள் எழுதிய முதல் திருத்தம் உண்மையான நோட்டீஸ்களை அனுப்பப் போனது. நான் என் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். பெயர்கள் வேகமாக ஓடின. கடைசிப் பெயர் ஒரே ஒரு முறை வந்தது. ஓட்டம் நின்று, ஒழுங்காக முடிந்தது என்று திரையில் வந்தது. அவள் கண்ணைத் திறந்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"என்னடி கண்டக்டரு, தூங்கறியா?" என்றாள்.

நான் பேனாவை எடுத்து மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன். அவள் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, இன்னொரு தட்டு தட்டினாள்.