கழற்றிப் பூட்டிய ஸ்கோப்

யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். வேட்டை அனுமதிச் சோதனையில் நான் பாஸான கதை கெல்சென்கிர்ச்சன் தமிழ்க் கடைக்கு எனக்கு முன்னமே போய்விட்டது. "அண்ணை, அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்திட்டு, இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியளோ?" என்று ஒருவன் கேட்க, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொழிற்சாலையில் எனக்கு மேலாளாக இருந்த போர்மன் ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையாடுபவர். பத்து வருடமாகப் பக்கத்து மெஷினில் நின்ற அந்த மனிதன் காட்டுக்கு வா என்று கூப்பிட்டதே எனக்குப் பெரிய காரியம்.

மனைவி சிரிக்கவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் அவளுடைய அண்ணனை வயல்வெளியில் சுட்டது தூரத்துக் காவலரணில் இருந்த ஒரு சிப்பாய், தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப் பூட்டிய துவக்கால். விழுந்தவரைத் தூக்க ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை.

"துவக்கு வரட்டும், அலுமாரியில பூட்டி வையுங்கோ," என்றாள். "ஆனா அந்தக் கண்ணாடி மேல ஏறி இருக்கிறதை நான் காணக்கூடாது. மற்றது, ஒரு சீவனையும் வதைக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன்.

பழைய துவக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஸ்கோப்பும், அதைத் துவக்கின் மேல் பிடித்து வைக்கும் மொன்டாஜும்தான் பாக்கி. என்னிடம் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றைத்தான் நல்லதாக வாங்கலாம். துவக்குக் கடைக்காரர் சின்ன ஸ்கோப் ஒன்றை எடுத்து வைத்து, காசை மொன்டாஜில் போடு என்றார். கழற்றித் திரும்ப வைத்தாலும் அதே இடத்தில் போய் உட்காரும் மொன்டாஜ் ஒன்றையும் காட்டினார். என் கண்ணோ பக்கத்தில் இருந்த பெரிய ஸ்கோப்பில். அதற்குள்ளால் பார்த்தால் கருக்கலிலும் வீதிக்கு அப்பால் நின்ற மரத்தின் இலை தெரிந்தது. அதையே எடுத்தேன். மொன்டாஜ், நாலு திருகாணியோடு இருந்த மலிந்த சாமான்.

"இடையில் கழற்றுவாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டு விஷயத்தை ஒரு வெள்ளைக்காரனிடம் எப்படிச் சொல்வது? "கழற்றினால் குறி விலகும், திரும்பத் தாளில் சுட்டுச் சரிபார்க்காமல் மிருகத்தைச் சுடாதே," என்றார்.

ஒவ்வொரு முறையும் காட்டோரத்தில் காருக்குள் இருந்து ஸ்கோப்பைக் கழற்றி, துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். சுட்டுப் பழகும் திடல் சனிக்கிழமை மட்டுந்தான் திறக்கும். மூன்று நாலு தரம் ஒழுங்காகப் போய்ச் சரிபார்த்தேன். பிறகு பஞ்சிப்பட்டு அதை விட்டுவிட்டேன்.

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேரே காட்டுக்குப் போனோம். "சுட்டுப் பார்த்தாயா?" என்று போர்மன் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம்போல இருக்கிறது.

பொழுது சாயும் நேரம் ஒரு பெட்டை மான் வெளியே வந்தது. ஸ்கோப்பின் சிலுவைக்கோடு அதன் தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. சுட்டேன். மான் விழவில்லை. தலையை உதறிக்கொண்டு முட்பற்றைக்குள் ஓடியது. அது நின்ற இடத்தில் இரண்டு பல்லும் ஒரு எலும்புத் துண்டும் கிடந்தன. போர்மன் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இருட்டில் கலைத்தால் இன்னும் தூரம் ஓடும் என்பதால், விடியவே மோப்ப நாயோடு வரச்சொல்லி ஒருவருக்கு ஃபோன் பண்ணினார்.

விடிந்த பிறகு நாய் அதைக் கண்டுபிடித்தது. ஐயோ, தாடை தொங்க, உயிரோடு கிடந்தது. போர்மன்தான் சுட்டு முடித்தார். இங்கே வேட்டைக்காரர்கள் செத்த மானின் வாயில் கடைசிக் கவளம் என்று ஒரு பச்சைக் கொப்பு வைப்பார்கள். கொப்பை முறித்துக்கொண்டு நான் போனேன். வைக்க வாய் இருக்கவில்லை.

வீட்டில் மனைவி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைக் கண்டதும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு முன்னால் வந்து இருந்தாள். மறைக்க முடியவில்லை, சொன்னேன்.

"எவ்வளவு நேரம் உயிரோட கிடந்தது?"

"விடியுமட்டும்."

"அண்ணையும் விடியுமட்டுந்தான் கிடந்தவர்," என்றாள். "தண்ணி கேட்டுக் கேட்டு."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கழட்டிக் கழட்டிப் பூட்டினதில குறி விலகிப் போச்சு," என்றேன். பழியை அவள் தலையில் போட்டுவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப இனிக் கழட்டாதேங்கோ," என்றாள். "பூட்டினபடியே வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. நான் பாத்துப் பழகிறன்."