எஞ்சின் நிற்கிறது, லொறி போகிறது

வாவியைக் கடக்க வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்பார்கள். குருமண்வெளித் துறையில், நான் நின்ற பாதையில் ஒரு சிறிய லொறி ஏறியது. சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் சிறு சீப்பால் மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

இராணுவ முகாமுக்குப் பருப்பும் டின்மீனும் கொண்டுபோகிறாராம். வழியில் மூட்டைகள் காணாமல்போகவே, லொறியில் கண்காணிப்புக் கருவி பூட்டிவிட்டார்கள். அது இன்னொரு தடவை சந்தேகப்பட்டால் இந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நடு வாவியில் அவருடைய கைபேசி அடித்தது. முகாமிலிருந்துதான்.

"எஞ்சின் நிக்குதாம், லொறி போகுதாம். ஆர் இழுக்கிற எண்டு கேக்கிறாங்க. படம் அனுப்பட்டாம். ஐயா, சாட்சிக்குக் கொஞ்சம் பக்கத்தில நில்லுங்க. சிரிக்காதீங்க, சாமானை வித்துப்போட்டுச் சிரிக்கிறம் எண்டு நினைப்பாங்க."

நின்றேன். படம் போனதும் அடுத்த கேள்வி வந்தது: பக்கத்தில் நிற்பவர் யார்?

"நீங்க ஆர் ஐயா?"

"பத்திரிகைக்காரன்."

சீப்பு பாதி மீசையில் நின்றது. பிறகு அவர் நிதானமாக, 'மீன் யாவாரி' என்று எழுதி அனுப்பினார்.

"என்னைப் பார்த்தால் நம்புவார்களா?"

"படத்தில மணம் போகாதுதானே."

சரி என்று பதில் வந்தது. ஓட்டம் தப்பியது. அந்த முகாமின் ஏதோ ஒரு கோப்பில் நான் இன்றும் மீன் வியாபாரிதான்.